யானையை எங்கிருந்து தொடங்குவது?

பென்சில் பிடிக்கத் தொடங்கிய பிள்ளை இருக்கிற வீடுகளில் இந்தக் கோரிக்கை ஓயாமல் வந்துகொண்டே இருக்கும்: “அம்மா, யானை வரைஞ்சு குடு.” யானை முடிந்தால் பூனை, பூனை முடிந்தால் பஸ். நாம் வரைந்துகொண்டே இருப்போம், பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும். “நீயே வரை கண்ணு” என்று பென்சிலைக் கையில் கொடுத்தால், “எனக்கு வராது” என்று பதில் வரும்.

நாலரை வயதில் ஒரு குழந்தை “எனக்கு வராது” என்று சொல்வதை என்னால் தாங்க முடியவில்லை. என் மகளுக்கு யானை எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரியும். துதிக்கை, காது, வால் என்று ஒன்று விடாமல் சொல்வாள். அவள் கைக்கு வட்டம் வரும், நீட்டுக் கோடு வரும். அவளிடம் இல்லாதது ஒன்றுதான்: முதல் கோட்டை எங்கே போடுவது? வெள்ளைத் தாளைப் பார்த்து மலைத்து நிற்பதற்குக் காரணம் இதுதான், திறமைக்குறைவு இல்லை.

படிப்படியாக வரையச் சொல்லித்தரும் புத்தகங்களை நான் வாங்கத் தொடங்கியது இதற்காகத்தான். முதல் படியில் ஒரு வட்டம், இரண்டாவதில் அதன் பக்கத்தில் பெரிய வட்டம், மூன்றாவதில் இரண்டு காது, கடைசியில் ஒரு முழு யானை. எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு இந்தப் புத்தகங்கள் நேராகப் பதில் சொல்கின்றன. அதனால் எனக்கு இவை பிடிக்கும். ஆனால் எல்லாப் புத்தகமும் ஒன்றல்ல. சில புத்தகங்கள் பிள்ளைக்கு வரையக் கற்றுத்தருகின்றன, சில ஒரே ஒரு படத்தைக் கற்றுத்தந்துவிட்டு நின்றுவிடுகின்றன. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது பெற்றவர்கள் வேலை.

இந்த மாதிரிப் புத்தகங்களே கூடாது என்று சொல்பவர்களும் உண்டு. சும்மா சொல்பவர்கள் இல்லை, குழந்தைகளின் ஓவியத்தை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர்கள். வியன்னாவில் ஃப்ரான்ஸ் சிஷெக் என்ற ஆசிரியர் 1897இல் குழந்தைகளுக்கென்று ஓர் ஓவிய வகுப்பு தொடங்கினார். பெரியவர்கள் வரைந்ததைப் பார்த்து நகலெடுக்க வைப்பதுதான் அன்றைய பழக்கம். அதை விட்டுவிட்டு, பிள்ளைகள் மனதில் இருப்பதைத் தாங்களே வரையட்டும் என்றார் அவர். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் எழுதிய நூல் கலை ஆசிரியர்களிடையே ரொம்பப் பெயர் பெற்றது. கலரிங் புத்தகம் கொடுக்காதீர்கள் என்பது அவர் கட்சி. அச்சடித்த கச்சிதமான பறவையைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்குத் தான் வரைந்த பறவை பறவையாகவே தெரியாது, தன் கையை நம்பாமல் போய்விடும் என்பது அவர் கவலை.

அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. 1970களில் ப்ரென்ட் வில்சன், மார்ஜரி வில்சன் என்ற இருவர், பிள்ளைகள் வரையும் உருவங்கள் எங்கிருந்து வருகின்றன என்று தேடிப் போனார்கள். காமிக்ஸ், டிவி, அண்ணன் அக்கா வரைந்த படம், பக்கத்து பெஞ்சுப் பையன் வரைந்த படம் என்று பெரும்பாலும் பிறர் வரைந்த படங்களிலிருந்தே வருகின்றன என்று சொன்னார்கள். யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. பேச்சும் அப்படித்தானே வருகிறது? யார் பேச்சும் காதில் விழாமல் வளரும் பிள்ளை தானாகப் பேசிவிடாது. பார்த்து வரைவது தப்பே இல்லை. எதைப் பார்த்து, எதுவரை, அதற்கப்புறம் என்ன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

புத்தகம் வாங்கும் முன்னால் பிள்ளையின் கைக்கு என்ன வரும் என்று பார்த்துக்கொள்வது நல்லது. குழந்தை மருத்துவர்கள் வளர்ச்சியைப் பார்க்கும்போது ஒரு பொதுவான வரிசை வைத்திருப்பார்கள். சுமார் 2 வயதில் நிற்கும் கோட்டைப் பார்த்துப் போடும். 3 வயதில் வட்டம். 4 வயதில் கூட்டல் குறி. நாலரையை ஒட்டிச் சதுரம். 5 வயதில் முக்கோணம். டைமண்ட் வடிவத்துக்கு 6, 7 வயது ஆகிவிடும். சில மாதம் முன்பின் இருக்கலாம். ஆனால் வரிசை பெரும்பாலும் இதுதான். சாய்ந்த கோடு பிள்ளைகளுக்கு அவ்வளவு கஷ்டம். நேராக இழுப்பதும் சுற்றுவதும் முதலில் வந்துவிடும். இரண்டு பக்கமும் சாய்ந்து வந்து ஒரு முனையில் சேரும் கோட்டுக்குக் கண்ணும் கையும் ஒத்துழைக்க வேண்டும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு கடையில் புத்தகங்களைப் புரட்டினால் கோபம்தான் வருகிறது. “3 முதல் 5 வயது வரை” என்று அட்டையில் போட்டிருக்கும், உள்ளே முதல் பக்கத்திலேயே பட்டம். பட்டம் என்றால் டைமண்ட். அடுத்த பக்கம் மீன், அதன் வால் முக்கோணம். அதற்கடுத்த பக்கம் ஐந்து முனை நட்சத்திரம்! மூன்று வயதுப் பிள்ளை அதைப் போட முடியாமல் புத்தகத்தை மூடினால், பிள்ளைக்கு ஆர்வம் இல்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் புத்தகம்தான் அந்தப் பிள்ளையைத் தெரிந்துகொள்ளாமல் அச்சாகி வந்திருக்கிறது. வட்டமும் நேர்கோடும் மட்டும் வைத்துப் போடக்கூடிய படங்கள் எத்தனையோ உண்டு. கோழிக்குஞ்சு, திராட்சைக் கொத்து, ரயில் பெட்டி, சூரியன், கம்பளிப் புழு. அவற்றில் தொடங்கும் புத்தகத்தை எடுங்கள்.

ஆக்டிவிட்டி புக் என்ற பெயரில் கடையில் வெவ்வேறு விதமான புத்தகங்கள் கலந்து கிடக்கும். புள்ளிக்கோட்டின் மேலேயே பென்சிலை ஓட்டும் புத்தகம் கைக்குப் பயிற்சி, வரைவதற்கு இல்லை. எழுத்துப் பழக அது உதவும், அவ்வளவுதான். எண்களை வரிசையாக இணைத்தால் படம் வரும் புத்தகம் எண் பழக நல்லது. வண்ணம் தீட்டும் புத்தகம் பிள்ளைகளுக்கு ஒரு நிம்மதியைக் கொடுக்கும், மழை நாளில் அதை நான் மறுப்பதில்லை. பாதி படம் இருந்து மீதியைப் பிள்ளை முடிக்கும் புத்தகங்கள் எனக்கு ரொம்பப் பிடித்தவை. ஒரு பக்கம் முழுக்க வெறும் குடைகள், கீழே யார் நிற்கிறார்கள் என்று பிள்ளை வரைய வேண்டும். கட்டைவிரல் ரேகையை மையில் ஒற்றி, அதற்குக் கால், மூக்கு, வால் போட்டு உயிர் கொடுக்கும் புத்தகங்களும் உண்டு. “எனக்கு வராது” என்கிற பிள்ளைக்கு அதுதான் முதல் மருந்து, ஏனென்றால் முதல் வடிவம் விரலிலிருந்தே வந்துவிடுகிறது.

சரி, படிப்படியான புத்தகத்துக்கு வருவோம். இது இன்று நேற்று வந்த யோசனை இல்லை. ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 1812இலேயே எளிய வரைதல் பாடங்கள் அடங்கிய ஒரு புத்தகம் போட்டார். வட்டத்தையும் நேர்கோட்டையும் வைத்து விலங்குகளையும் மனிதர்களையும் எப்படிக் கட்டி எழுப்புவது என்று அதில் காட்டியிருக்கிறார். அமெரிக்காவில் எட் எம்பர்லி 1970இல் விலங்குகள் வரைவதற்கு ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் முறை நேர்மையானது. ஒரு படத்துக்கு இரண்டு வரிசை இருக்கும். ஒரு வரிசையில் இந்தப் படியில் புதிதாகச் சேர்க்க வேண்டிய வடிவம் என்ன என்று தனியாக இருக்கும். இன்னொரு வரிசையில் அதைச் சேர்த்த பிறகு படம் எப்படி ஆகிறது என்று இருக்கும். வட்டம், முக்கோணம், சில எழுத்து, எண், கிறுக்கல் தெரிந்தால் போதும், மீதி எல்லாம் அவற்றைச் சேர்ப்பதுதான்.

இந்த இரண்டு வரிசை எவ்வளவு முக்கியம் என்று மலிவான புத்தகங்களைப் பார்த்தால் தெரியும். முதல் படியில் முட்டை வடிவம், இரண்டாவதில் அதற்கு மேல் சின்ன வட்டம், மூன்றாவதில் பார்த்தால் முழு முயல் நிற்கும், மீசை, விரல், வாலின் ரோமம் எல்லாவற்றோடும். இரண்டாவது படிக்கும் மூன்றாவது படிக்கும் நடுவில் என்ன நடந்தது என்று பெரியவர்களுக்கே புரியாது. ஆகவே நான் கடையில் பார்ப்பது இதைத்தான்: ஒரு படிக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு கோடு மட்டும் புதிதாக வருகிறதா? புதிய கோடு வேறு நிறத்தில் இருக்கிறதா? பழைய கோட்டை எங்கே அழிக்க வேண்டும் என்று சொல்லாமல் திடீரென்று அழித்துவிடுகிறார்களா? அப்புறம் தாளைத் தடவிப் பார்க்கிறேன். வழவழப்பான தாளில் கிரேயான் வழுக்கும், பென்சில் பிடிக்காது. பளபளவென்று அச்சடித்த புத்தகம் பார்க்கத்தான் லாயக்கு.

புத்தகத்திலேயே வரைய நான் விடுவதில்லை. படம் போட வேண்டிய கட்டம் பெரும்பாலும் உள்ளங்கை அளவுதான் இருக்கும். நாலு வயதுப் பிள்ளை விரலால் வரைவதில்லை, முழங்கையிலிருந்தும் தோளிலிருந்தும் வரைகிறது. அதற்கு இடம் வேண்டும். எங்கள் வீட்டில் பழைய மாதக் காலண்டர் தாள்களைத் திருப்பிப் போட்டுத் தரையில் விரித்துவிடுவேன். புத்தகம் பக்கத்தில் திறந்திருக்கும். காலண்டர் தாள் இல்லாத நாளில் சிலேட்டும் பல்பமும், மொட்டைமாடியில் சாக்பீஸும். இதில் இன்னொரு நன்மை, புத்தகம் கெட்டுவிடும் என்ற பயம் பிள்ளைக்கு இல்லை. அதே யானையை அடுத்த வாரமும் போடலாம். இடதுகைப் பிள்ளை என்றால் இது இன்னும் அவசியம். நடுவில் புடைத்து நிற்கும் பைண்டிங்கில் கை இடிக்காமல் வலது பக்கத்தில் எழுத அவர்களால் முடியாது. கையை மாற்றிப் பிடி என்று சொல்லும் பெரியவர்களை விட்டுத் தள்ளிப் புத்தகத்தைத் தள்ளி வையுங்கள்.

இப்போது யானைக்கு வருகிறேன்.

எங்கள் புத்தகத்தில் இருந்த யானை ஆறு படிகளில் வருகிறது. படுத்த முட்டை உடம்பு, அதன் முன்னால் வட்டத் தலை, தலையின் பக்கவாட்டில் விசிறி அளவுக்கு ஒரு பெரிய காது, துதிக்கை, நாலு தூண் போன்ற கால், தந்தமும் வாலும். மகள் விரலை வைத்துப் படிகளை எண்ணிக்கொண்டே வரைந்தாள். முட்டை கொஞ்சம் கோணல், தலை உடம்பைவிடப் பெரிது, கால் ஒன்று நீளம் ஒன்று குட்டை. ஆனாலும் யார் பார்த்தாலும் அது யானை. அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். “அம்மா, எனக்கு யானை வந்துருச்சு” என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அப்புறம் நாலைந்து நாளைக்கு யானை மழைதான். எல்லாம் ஒரே யானை, ஒரே திசை பார்த்து, ஒரே துதிக்கை. லோவன்ஃபெல்ட் சொன்ன கவலை எனக்குள்ளும் வந்தது. இங்கே நிறுத்திவிட்டால் அவளுக்கு ஒரு படம் தெரியும், வரைய வராது. அதனால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, “இது காந்திமதியா?” என்று கேட்டேன்.

திருநெல்வேலிப் பிள்ளைகளுக்குக் காந்திமதியைத் தெரியும். நெல்லையப்பர் கோயில் யானை. 2025 ஜனவரியில் அது இறந்தபோது ஊரே திரண்டு வந்தது. மகள் அதற்கு முன்பே கோயிலில் அதைப் பார்த்திருக்கிறாள். எங்கள் போனில் படங்களும் உண்டு. என் கேள்விக்கு அவள் தன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “இல்ல. காந்திமதிக்குக் கொம்பு கிடையாதே.”

அவள் கவனித்தது ரொம்பச் சரி. நம் ஊர்ப் பெண் யானைக்கு வெளியே நீளும் தந்தம் கிடையாது. போனில் இருந்த படத்தை எடுத்து வைத்துக்கொண்டோம். அவளே ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கத் தொடங்கினாள். காது அவ்வளவு பெரிதில்லை. நெற்றி உருண்டையாக இல்லை, இரண்டு மேடாக இருக்கிறது. முதுகு நடுவில் மேலே வளைந்திருக்கிறது. காது ஓரத்திலும் துதிக்கையிலும் ரோஸ் நிறத்தில் பொட்டுப் பொட்டாக இருக்கிறது. புத்தகத்தில் இருந்தது ஆப்பிரிக்க யானை. தோளை மூடும் காது, நடுவில் பள்ளமான முதுகு, துதிக்கை நுனியில் இரண்டு விரல் போல இரண்டு மடிப்பு எல்லாம் அதற்கு உண்டு. ஆசிய யானைக்கு நுனியில் ஒரு மடிப்புத்தான். புத்தகம் போட்டவர்கள் எங்கோ இருந்து எடுத்த யானையை இங்கே அச்சடித்துவிட்டார்கள்.

அன்றைக்கு வரைந்த யானையில் புத்தகத்தின் முட்டையும் வட்டமும் அப்படியே இருந்தன. அதுவரைதான் புத்தகம். அதற்கு மேல் தலையில் இரண்டு மேடு, சின்னக் காது, நெற்றியில் மூன்று கோடாகத் திருநீறு, கழுத்தில் மணி, காதில் ரோஸ் கிரேயானால் குத்திக் குத்தி வைத்த பொட்டுகள். தந்தம் இல்லை. இந்த யானை எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. புத்தகம் இல்லாமல் வந்தும் இருக்காது.

நான் சொல்ல வருவது இதுதான். புத்தகம் கடைசிப் படியில் முடிகிறது, பிள்ளையின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. முடிந்த படத்துக்குப் பிறகு என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அது வரைதல் ஆகிறதா நகல் ஆகிறதா என்பது. “இந்த யானைக்குத் தாகம் எடுத்தா என்ன செய்யும்?” என்றால் துதிக்கை கீழே இறங்கும். “மழை வருதே?” என்றால் குடை வரும், அல்லது யானையின் வயிற்றுக்குக் கீழே ஒரு நாய்க்குட்டி வந்து ஒதுங்கும். “அழகா இருக்கு” என்று சொல்வதைவிட இப்படி ஒரு கேள்வி பிள்ளையைத் திரும்பத் தாளிடம் அனுப்பும்.

அந்தக் கேள்வி வராத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு நம் எல்லாரிடமும் ஓர் உதாரணம் இருக்கிறது. இந்தியாவில் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய் “ஏதாவது வரை” என்று சொன்னாலும் பாதிப் பிள்ளைகள் வரையும் படம்: இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிலிருந்து வளைந்து இறங்கும் ஆறு, ஆற்றோரம் ஓட்டு வீடு, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தென்னை, மேலே ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல நாலைந்து பறவை. நானும் போட்டேன், என் அம்மாவும் போட்டிருக்கிறாள். புத்தகமே இல்லாமல் ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சுக்குக் கைமாறி வந்த படிப்படிப் பாடம் அது. நெல்லையில் நின்றுகொண்டு மேற்கே பார்த்தால் பொதிகை மலை தெரியும். அது இரண்டு முக்கோணமாக இல்லை, நீலமாக ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கி நிற்கிறது. சூரியன் அதன் பின்னால் மறையத்தான் செய்யும், உதிப்பதில்லை. தாமிரபரணி தெருவழியே வீட்டு வாசலுக்கு வருவதில்லை. அந்தப் படத்தை வரையும் பிள்ளைகள் யாரும் சன்னலைத் திறந்து பார்க்கவில்லை. யாரும் அவர்களைப் பார்க்கச் சொல்லவும் இல்லை. ஒரு நல்ல தொடக்கப் பாடம் கேள்வி இல்லாமல் விடப்பட்டு உறைந்துபோனது.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் நம் வாசலிலேயே இருக்கிறது. அதுவும் வழிகாட்டி வைத்துக்கொண்டு வரைவதுதான், ஆனால் உறையவில்லை. கோலத்தைத்தான் சொல்கிறேன்.

என் அம்மாவிடம், மகளுக்கு ஆச்சி, ஒரு பழைய நோட்டு இருக்கிறது. கட்டம் போட்ட கணக்கு நோட்டு. மார்கழிக்கு முன்னால் பத்திரிகைகளில் வரும் கோலங்களைப் பார்த்துப் போட்டது, பக்கத்து வீட்டு வாசலில் பார்த்துக் குறித்தது, தானே யோசித்தது என்று எல்லாம் கலந்திருக்கும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் புள்ளிக் கணக்கு எழுதியிருக்கும். “7 புள்ளி 4 வரை இடுக்குப் புள்ளி” என்று இருந்தால் நடுவரிசையில் ஏழு, அதற்கு மேலும் கீழும் ஆறு, ஐந்து, நாலு என்று புள்ளிகளுக்கு இடுக்கில் புள்ளி வைத்துக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். அந்தப் புள்ளிகளே படி ஒன்று. அதற்கு மேல் இதழ் போடலாம், நட்சத்திரம் போடலாம், மயில் போடலாம். சிக்குக் கோலமாக இருந்தால் கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றி வளைந்து, தொடங்கிய இடத்திலேயே வந்து மூட வேண்டும். விதி அவ்வளவுதான். ஆனால் அதே புள்ளிகளை வைத்து ஆச்சி போடும் கோலம் வேறு, எதிர்வீட்டு அக்கா போடுவது வேறு.

தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் அவர்களோடு சேர்ந்தவர்களும் 1970களில் கோலத்தைக் கணிதமாக ஆராய்ந்தார்கள். சில சின்ன விதிகளைத் திரும்பத் திரும்பப் போட்டால் எப்படி எல்லையில்லாமல் கோலங்கள் பிறக்கின்றன என்பதைப் படங்களுக்கான இலக்கண விதிகளாக எழுதிக் காட்டினார்கள். 1974இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை கணினித் துறையில் பேசப்பட்ட ஒன்று. அதைப் படித்தபோதுதான் நல்ல வரைபுத்தகம் எது என்று எனக்குத் தெளிவாகச் சொல்ல முடிந்தது. முடிந்த உருவத்தைக் கையில் கொடுப்பது ஒரு வகை. உறுப்புகளையும் அவற்றைச் சேர்க்கும் விதியையும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது இன்னொரு வகை. இரண்டாவதைத் தேடுங்கள்.

ஆச்சியிடம் மகள் உட்காருவது சாயங்கால நேரத்தில். ஆச்சி சொல்லித்தரும் விதத்தைப் பார்த்து நானே நிறையக் கற்றுக்கொண்டேன். பேத்தி கையிலிருந்து சாக்பீஸை அவள் ஒருநாளும் பிடுங்கியதில்லை. பக்கத்திலேயே தனியாகத் தன் புள்ளிகளை வைத்துக்கொண்டு போடுவாள். “ஏட்டி, அந்த மூலைய மறந்துட்டியே, அது தனியா நிக்கி பாரு” என்று சொல்வாள், அவ்வளவுதான். திருத்த மாட்டாள். பேத்தி அந்த மூலையைப் பார்ப்பாள், ஆச்சியின் கோலத்தைப் பார்ப்பாள், கோட்டை அங்கே கொண்டுபோவாள். கோடு இரண்டு புள்ளியைத் தொட்டுவிட்டால் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ஆச்சியைப் பார்ப்பாள். “தொட்டா தொட்டுட்டுப் போவுது, அதுல ஒரு பூவ வையி” என்பாள் ஆச்சி. அந்த இடத்தில் பூ முளைக்கும்.

ரப்பரை வீட்டில் ஒளித்துவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது இதைப் பார்த்துத்தான். ரப்பர் கையில் இருந்தால் பிள்ளை வரைவதைவிட அழிப்பதே அதிகம். ஒரு வட்டத்தை எட்டுத் தடவை அழித்துத் தாள் கிழிந்து, அழுகையில் முடியும். கிரேயானோ ஸ்கெட்ச் பேனாவோ கொடுத்தால் அழிக்கும் பேச்சே இல்லை, தப்பிப் போன கோடு மீசையாகவோ புல்லாகவோ மாறிவிடும். பென்சில்தான் வேண்டும் என்றால் 2பி கொடுக்கலாம், ஹெச்பியைவிடக் கறுப்பாக, மெதுவாக அழுத்தினாலே விழும். சின்னக் கைக்குத் தடித்த முக்கோணப் பென்சில் நன்றாக நிற்கும். மூன்று வயதில் பிள்ளை பென்சிலை முஷ்டியில் பிடித்தால் பதற வேண்டாம். மூன்று விரல் பிடி பெரும்பாலும் நாலு, ஐந்து வயதில் தானாக வந்து சேரும்.

போனில் வரும் வரைதல் வீடியோக்கள் பற்றியும் கேட்கிறார்கள். எனக்குப் புத்தகமே மேல். வீடியோவில் கை வேகமாக ஓடும், பிள்ளை அதைத் துரத்த வேண்டும். நிறுத்தினால் எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரியாது. புத்தகத்தில் முதல் கோடும் கடைசி யானையும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. பிள்ளை விரலை வைத்து முன்னேயும் பின்னேயும் போகலாம், பாதியில் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டும் வரலாம். புத்தகம் காத்திருக்கும்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏற்ற புத்தகங்கள் இன்னும் நிறைய வர வேண்டும். கிடைக்கிற புத்தகங்களில் பனிமனிதன் இருக்கிறான், இக்ளூ இருக்கிறது, புகைபோக்கி வைத்த வீடு இருக்கிறது. பனை மரம் இல்லை, தண்ணீர்க் குடம் இல்லை, மொட்டைமாடியும் தண்ணீர்த் தொட்டியும் உள்ள வீடு இல்லை. சென்னையின் தாரா பதிப்பகம் போட்ட ஒரு புத்தகம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரே யானையை நம் நாட்டுப் பழங்குடி, நாட்டுப்புறக் கலை மரபுகள் எப்படி எப்படி வரைகின்றன என்று காட்டி, பிள்ளையையும் போடச் சொல்கிறது. யானைக்கு ஒரு சரியான வடிவம்தான் உண்டு என்ற எண்ணம் அந்தப் புத்தகத்தைத் திறந்த உடனே போய்விடும். தமிழில், மலிவு விலையில், ஊர் ஊருக்குக் கிடைக்கிற மாதிரி இப்படி ஒரு வரிசை வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஓவிய ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து யோசியுங்கள்.

எங்கள் வீட்டில் புத்தகம் இப்போதும் அலமாரியில் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது. ஆனால் மகள் அதை முன்பு போல முதல் பக்கத்திலிருந்து திறப்பதில்லை, தேவைப்படும் உறுப்பைத் தேடித்தான் திறக்கிறாள். போன வாரம் ஆட்டோ வரைய வேண்டும் என்றாள். புத்தகத்தில் ஆட்டோ இல்லை. பஸ் பக்கத்தைப் பிரித்துச் சக்கரத்தை எடுத்துக்கொண்டாள். ஆமைப் பக்கத்தைப் பிரித்து அதன் ஓட்டை ஆட்டோவின் கூரையாக வைத்தாள். முன்பக்கம் மூக்கு மாதிரி ஒன்று அவளே போட்டது. சக்கரம் மூன்றையும் ஒரே வரிசையில், அடுத்தடுத்து, நமக்குத் தெரிகிற பக்கத்திலேயே வைத்துவிட்டாள்.

பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் ஆன்ரி லூக்கே 1927இல் குழந்தை ஓவியம் பற்றி எழுதிய நூலில் இதைத்தான் சொல்கிறார்: சின்னப் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை, தங்களுக்குத் தெரிந்ததை வரைகிறார்கள். ஆட்டோவுக்கு மூன்று சக்கரம் என்று தெரியும், ஆகவே மூன்றும் வர வேண்டும். தலையிலிருந்தே கால் முளைத்த மனிதனும், வயிற்றுக்குள் தின்ற மாம்பழம் தெரியும் பாட்டியும் அதே வகைதான். அதைத் திருத்தக் கூடாது. அந்தப் பார்வை ஏழெட்டு வயதில் தானாக மாறும், அதற்குள் அவசரப்பட ஒன்றும் இல்லை. தாளின் பின்பக்கம் தேதியையும், “இது மூணு சக்கர ஆட்டோ, ஆச்சி பின்னாடி இருக்கா” என்று அவள் சொன்னதையும் எழுதி வைத்தேன்.

ஆட்டோவில் டிரைவர் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, “அந்த மாமா உக்காந்தா கால் எப்படி மடங்கும்னு தெரியல” என்றாள். புத்தகத்தில் எல்லா மனிதர்களும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய், அங்கே உட்கார்ந்திருக்கும் மாமாக்களைப் பார்த்துவிட்டு வருவதாக இருக்கிறோம்.